இன்னாத்துக்குள்ள வருது, சார்?

அவருக்கு ‘இதர’ என்ற சொல் ஆகாது. ‘மற்றவை’, ‘பிற’, ‘பொது’ எதுவுமே ஆகாது. வெளிநாட்டுப் பேராசிரியர் யாராவது ஓர் அத்தியாயத்தின் கடைசியில் அப்படி ஒரு தலைப்பை வைத்திருந்தால், இவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். சோற்றில் கல் கடிபட்டது போல முகம் மாறும்.

“இதரன்னு ஒரு தலைப்பு வெச்சா, அதுக்கு மேல யோசிக்கலன்னு அர்த்தம் சார்” என்பார்.

வில்லியனூரைத் தாண்டி, கரும்பு வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் எங்கள் அலுவலகம். ஐரோப்பாவில் வெளியாகும் புத்தகங்களுக்கு இங்கே பக்கம் அமைத்துக் கொடுப்போம். ஆசிரியர்கள் அனுப்பும் கோப்பில் தலைப்புகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரி தடித்த எழுத்தில் இருக்கும். எது பெரிய தலைப்பு, எது அதற்குள் வரும் சிறிய தலைப்பு, எது அந்தச் சிறியதற்கும் உள்ளே வருவது என்று முதலில் ஒருவர் பிரித்துக் குறிக்க வேண்டும். ஏ ஹெட், பி ஹெட், சி ஹெட் என்போம். அந்தக் குறிகளை வைத்துத்தான் எழுத்தின் அளவு, எண், பொருளடக்கம் எல்லாம் பிறகு தானாக அமையும். குறி பிசகினாலும் புத்தகம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அர்த்தம் மட்டும் மாறியிருக்கும். அந்தக் குறி போடும் பிரிவுக்கு நான் டீம் லீடர். அவர் எனக்குக் கீழே வேலை பார்த்த பெண்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். எங்கள் தொழிலில் வேலை செய்தவரின் பெயர் புத்தகத்தில் எங்கும் வராது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

அவரை வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவன் நான்தான்.

நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களுக்கு, தலைப்புகளை எல்லாம் ஒரே அளவாக்கிய ஆறு பக்கங்களைக் கொடுப்போம். அன்று மற்றவர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு நீளமான காகிதத்தை நீட்டினார். தலைப்புகளை வரிசையாக எழுதியிருந்தார். பெரிய தலைப்பு ஓரத்திலிருந்து தொடங்கியது. அதற்குள் வருவது ஒரு விரல் தள்ளி. அதற்கும் உள்ளே வருவது இரண்டு விரல் தள்ளி. நிஜமாகவே விரலை வைத்து அளந்திருந்தார்; இடது சுட்டுவிரலின் வியர்வைத் தடம் காகிதத்தில் வரிசையாகத் தெரிந்தது. அடியில் ஒரு கேள்வியும் இருந்தது: ‘ஐந்தாம் பக்கத்தில் உள்ள தலைப்பு இரண்டு இடத்திலும் பொருந்துகிறது. எதற்குள் வரும்?’

அதே ஆறு பக்கங்களைப் பல வருடமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் அதைக் கேட்டதில்லை. நானும் கவனித்ததில்லை. இருந்தும், ‘வேகம் போதாது, ஆங்கிலம் பேச வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேர்வான வேறொரு பெண் சேராமல் போனதால்தான் இவரைக் கூப்பிட்டார்கள்.

சோரியாங்குப்பத்திலிருந்து வருவார். பாகூர் வரை பஸ், அங்கிருந்து கம்பெனி வேன். தபால் வழியில் பி.காம். ஆங்கிலம் படித்தால் புரியும், வாயில் வராது. வந்த முதல் வாரமே ஒரு நீள நோட்டு வாங்கிவிட்டார். ஒவ்வொரு புத்தகத்தின் தலைப்புகளையும் முதலில் அந்த நோட்டில் விரல் வைத்து எழுதிவிட்டுத்தான் கணினியைத் தொடுவார். நடுவில் எங்காவது மாட்டிக்கொண்டால் என் மேசைக்கு வந்து, நோட்டைத் திருப்பி வைத்து, பென்சிலால் ஓர் இடத்தைத் தொட்டு, “இது இன்னாத்துக்குள்ள வருது, சார்?” என்று கேட்பார். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது கேட்பார். நான் பார்க்காமலேயே ஏதாவது சொல்லுவேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய், சரியானதைப் போட்டுக்கொள்வார்.

புத்தகத்தோடு நிற்கிற பழக்கம் இல்லை அது. ஒரு நாள் டீ நேரத்தில், மடுகரையிலிருந்து வரும் பெண் ஒருத்தி வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். மாமியார் குழம்பைக் குறை சொன்னது, ஸ்கூட்டியை மச்சினன் எடுத்துக்கொண்டு போனது, துணி காயப்போட இடமில்லாதது என்று நீண்டுகொண்டே போனது. எல்லோரும் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தோம். இவர் கடைசி வரை கேட்டார்.

“ஒனக்கு மாமியார் மேல கோவம் இல்லடி” என்றார். “வேலைய வுட்டுடுன்னு ஒன் வூட்டுக்காரரு நடுவுல ஒருவாட்டி சொன்னாருன்னியே, அது தான் பெருசு. மீதியெல்லாம் அதுக்குள்ள வருது.”

அந்தப் பெண் அழுகையை நிறுத்தினாள். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த ஒரு விஷயத்தை அவள் ஒரே ஒரு வாக்கியத்தில்தான் சொல்லியிருந்தாள், அதுவும் சிரித்துக்கொண்டே. அதன் பிறகு அவர் எதிரில் சொந்தக் கதை பேச எல்லோருக்கும் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. எனக்கும்தான்.

இனி, நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

வார்டில் வேலை செய்யும் மருத்துவர்களுக்கான கைப்புத்தகம் ஒன்று வந்தது. ஒரு மருந்துக்கு ஓர் அத்தியாயம். ஒவ்வொன்றிலும் பெரியவர்களுக்கு, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, குழந்தைகளுக்கு, பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுக்களுக்கு என்று தனித்தனித் தலைப்புகள். அவை ஒவ்வொன்றுக்கும் உள்ளே, மருந்தின் அளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற இடைவெளி. தலைப்பு நிலைகளை இந்தமுறை பதிப்பகத்தாரே குறித்து அனுப்பியிருந்தார்கள். அதை மாற்றக் கூடாது என்பது உத்தரவு. ‘தேவையில்லாத கேள்விகள் நிறைய வருகின்றன’ என்று அவர்களிடமிருந்து முந்தைய மாதம்தான் ஒரு புகார் வந்திருந்தது.

இவர் நோட்டோடு வந்தார்.

“சார், எல்லா மருந்துலயும் சிசு தனியா நிக்குது. கொழந்தைக்குப் பக்கத்துல. இந்த ஒரு மருந்துல மட்டும் கொழந்தைக்கு உள்ள போயிடுச்சி.”

“பதிப்பகத்துலயே அப்படித்தானே குறிச்சிருக்காங்க?”

“ஆமா சார். அவங்க குடுத்த மாதிரியே போட்டுட்டேன். ஆனா உள்ள போயிட்டா, கொழந்தைக்குச் சொன்னதெல்லாம் சிசுவுக்கும் ஆவும். ஆறு மணி நேரத்துக்கு ஒருவாட்டின்னு போட்டுருக்கு. மத்த மருந்துல சிசுவுக்குன்னு தனியா இடைவெளி சொல்றாங்க. இதுல அது காணோம்.”

“ஒங்களுக்கு மருந்து பத்தித் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“அப்புறம்?”

“எது இன்னாத்துக்குள்ள கீதுன்னு தெரியுது சார்.”

சரி, கேள்விப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் என்று சொன்னேன். சேர்த்தார். அன்று மாலை பட்டியலை அனுப்புமுன் எண்ணிப் பார்த்தேன். அதிகமாகத் தெரிந்தது. சிலவற்றை நீக்கினேன். நீக்கியவற்றில் அதுவும் ஒன்று.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், என் கேள்வி ஒண்ணு காணோம்.”

“நான்தான் எடுத்தேன். அவங்க ஏற்கெனவே கோவத்துல இருக்காங்க.”

“அத்த அனுப்புங்க சார்.”

“அடுத்த தடவை பாக்கலாம்.”

“அச்சுக்குப் போயிடும் சார். நீங்க அனுப்பற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நிற்பது போல நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் வேறு வேலை பார்ப்பதாகப் பாவனை செய்தேன். பதினொன்று ஆனது. அலுவலகம் முழுக்க எங்களையே பார்த்தது. “போய் உக்காருங்கம்மா” என்றேன். நகரவில்லை. பன்னிரண்டு ஆனது. எல்லோரும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். கால் மாற்றிக்கூட நிற்கவில்லை. ஒன்றரை மணிக்கு, சுத்தமான எரிச்சலில், இரண்டே வரியில் அந்தக் கேள்வியை எழுதி அனுப்பினேன். திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வந்ததைப் பார்த்த பிறகு, “தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அன்று ஐந்து மணிக்குப் பதிப்பகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. எல்லா வேலையையும் நிறுத்தி வைக்கும்படி பதிப்பாசிரியர் சொன்னார். சிசுக்களுக்கான இடைவெளியைச் சொல்லும் வரியே அவர்கள் தரப்பில் வெட்டி ஒட்டும்போது விடுபட்டிருந்தது. அதோடு தலைப்பும் ஒரு நிலை உள்ளே தள்ளப்பட்டுவிட்டது. சரியான இடைவெளி, நாளுக்கு ஒருமுறை. அச்சுக்குப் போகவிருந்தது, நாளுக்கு நான்குமுறை.

மின்னஞ்சல் என் பெயரிலிருந்து போயிருந்தது. பாராட்டும் என் பெயருக்கு வந்தது. மேனேஜர் எல்லோரையும் கூட்டி, எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூட்டத்தின் பின்வரிசையில் அவர் நின்று கைதட்டினார். முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு இனி ஆபத்தில்லை என்ற நிம்மதி மட்டும் இருந்தது. அவர் அதற்குத்தான் கைதட்டிக்கொண்டிருந்தார்.

கேடயத்தை மேசையில் வைத்திருந்தேன். அவர் தினம் மூன்று தடவை வந்து, அதற்குப் பக்கத்தில்தான் நோட்டைத் திருப்பி வைத்துக் கேள்வி கேட்பார். ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. பார்க்காமல் இருக்க முயன்றதாகவும் தெரியவில்லை. நான்தான் சில நாள் கழித்து அதை இழுப்பறைக்குள் போட்டேன்.

அந்த வருட மழையில் தென்பெண்ணை கரை மீறியது. பாகூர்ப் பக்கம் ஊர் ஊராகத் தண்ணீர். நான்கு நாள் அவர் வேலைக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள், அலுவலகத்தில் சேர்த்த அரிசி, போர்வைகளோடு வேனில் நானும் இன்னும் இருவரும் போனோம். ஊருக்குள் தண்ணீர் வடிந்து சேறாக இருந்தது. கரும்பு எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. மக்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள்.

பள்ளிக்கூட வராந்தாவில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்று மடியில். சுற்றிலும் ஊர். நிவாரணக் கணக்கெடுப்புக்கு அதிகாரி மறுநாள் வருகிறார். அதற்குள் யாருக்கு என்ன போயிற்று என்று பட்டியல் தயாராக வேண்டும். ஒரே சமயத்தில் பத்துப் பேர் பேசினார்கள்.

“எம்மா, எம் மாடு ரெண்டும் போச்சி, எழுதிக்கினியா?”

“எழுதிக்கினேன் பெரிப்பா. கன்னுக்குட்டி?”

“அது கீது. அது நீந்திடுச்சி.”

விரல் வைத்துத்தான் எழுதிக்கொண்டிருந்தார். வீடு இடிந்தவர்கள், அதற்குள் சுவர் மட்டும் போனவர்கள், கூரையும் போனவர்கள். மாடு போனவர்கள். பயிர் போனவர்கள். கூட்டத்தில் இருந்த ஓர் இளைஞர், படித்தவர் போல இருந்தார், பொறுமையிழந்து சொன்னார்: “இந்தப் பதினோரு வூட்டுக்காரங்க பேருல பட்டாவே இல்ல. பயிர் நஷ்டத்துல சேக்க முடியாது. கடைசில இதரன்னு போட்டு எழுதிடுக்கா.”

அவர் பென்சிலை நிறுத்தினார்.

“இதரன்னு எழுதினா கடைசிப் பக்கத்த யாரும் திருப்ப மாட்டாங்கடா. இவங்க யாரு, சொல்லு? பயிர் வெச்சாங்களா இல்லயா?”

“வெச்சாங்க. நெலம் அவங்களுது இல்லியே.”

“அப்ப பயிர் போனவங்களுக்குள்ள தான் வருவாங்க. அதுக்குள்ள ரெண்டு. சொந்த நெலத்துல வெச்சவங்க, அடுத்தவங்க நெலத்துல வெச்சவங்க.” ஒரு விரல் தள்ளி எழுதினார். “நெலத்துக்காரரு யாருன்னு பக்கத்துலயே எழுதுவோம். அவரு கையெழுத்துப் போடட்டும்.”

“போடுவாங்களா?”

“கேக்கலாம். அவங்களும் இங்க தான படுத்துனுக்கீறாங்க.”

கேட்டார்கள். அதே பள்ளிக்கூடத்தில் பாய் விரித்திருந்த நிலக்காரர்கள், பக்கத்தில் படுத்திருந்த குத்தகைக்காரர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுக்க முடியாமல், ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் தவிர. அந்த இரண்டு பெயர்களுக்குப் பக்கத்தில் ‘கேட்டோம், போடவில்லை’ என்று எழுதினார். மறுநாள் வந்த அதிகாரி நோட்டை நின்றபடியே படித்ததாகவும், அந்தப் பதினோரு வீட்டுக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்துத் தன் படிவத்தில் ஏற்றிக்கொண்டதாகவும் பின்னால் கேள்விப்பட்டேன்.

நான் போர்வைகளை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். பதினோரு பெயர்களில் ஏழாவது அவருடைய அப்பாவின் பெயர். மேலேயும் ஏற்றவில்லை, கீழேயும் தள்ளவில்லை. தெரு வரிசைப்படி எங்கே வர வேண்டுமோ அங்கே இருந்தது.

“ஒங்க வூடு இன்னா ஆச்சிம்மா?” என்று கேட்டேன்.

“செவுரு போச்சி சார்” என்றார், எழுதுவதை நிறுத்தாமல். “நோட்டும் போச்சி. வேற வாங்கணும்.”

மறுநாள் காலை முதல் வேலையாக மேனேஜரிடம் போய், அந்தக் கேள்வி என்னுடையது அல்ல, நான் அதை நீக்கினேன், அவர் மூன்றரை மணி நேரம் நின்று அனுப்பவைத்தார் என்று சொன்னேன். “பழைய கதை, விடுங்க” என்றார் மேனேஜர். எனக்கு விட முடியவில்லை. பதிப்பாசிரியருக்கும் அதையே எழுதினேன். எழுதி முடித்துவிட்டு இவரிடம் சொன்னேன்.

“நீங்க நீக்கினதயும் எழுதினீங்களா சார்?”

“எழுதினேன்.”

“அத்த எழுதியிருக்க வேணாம்” என்றார். பிறகு, “சரி, எழுதினது எழுதினீங்க” என்று சொல்லி, புது நோட்டைப் பிரித்தார்.

நான்கு மாதம் கழித்து அந்தப் பதிப்பகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘அந்தக் கேள்வியைக் கேட்டவர்’ இன்னும் உங்களிடம் இருக்கிறாரா என்று விசாரித்திருந்தார்கள். பாசிகளைப் பற்றி வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஒருவர், புத்தகம் முடியும் தறுவாயில் இறந்துவிட்டார். அவர் கணினியில் இருந்ததை எல்லாம் மனைவி அப்படியே அனுப்பிவிட்டார். எழுபதுக்கு மேல் கோப்புகள். தலைப்புகள் இல்லை, வரிசை இல்லை. அங்கே இருவர் முயன்று கைவிட்டுவிட்டார்கள்.

இவர் அதை எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் அச்செடுக்கச் சொன்னார். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டுக் காகிதங்களைப் பரப்பினார். பாசி என்றால் அவருக்குக் கிணற்றுப் படியில் வழுக்குவதுதான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார்.

“‘ஆனால்’னு ஆரம்பிச்சா, அதுக்கு முன்னாடி ஒண்ணு கீது சார். அதோட உள்ள போவும். புதுசா ஒரு எடத்தச் சொல்லி ஆரம்பிச்சா வெளிய வந்துடும்” என்று ஒருமுறை விளக்கினார். எனக்குப் புரிந்தது. என்னால் செய்ய முடியவில்லை.

மூன்றாவது வாரம் நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். பதினாறு பக்கம். ஒரு மனிதர் நாற்பது வருடம் யோசித்தது ஓரத்திலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து இன்னும் உள்ளே என்று இறங்கிக்கொண்டே போனது. எட்டாம் பக்கத்தில், இரண்டு விரல் தள்ளி, ஒரு வரி காலியாக இருந்தது. அடியில் கோடு மட்டும்.

“இது இன்னா?”

“இங்க ஒண்ணு கீது சார். நமக்கு வரல.”

“எழுதாமலே போயிருப்பாரு.”

“இல்ல சார். ஒவ்வொரு பாசியையும் நாலு வாட்டி பாக்குறாரு. எங்க மொளைக்குது, எப்படித் தண்ணி குடிக்குது, எப்படிப் பெருகுது, காஞ்சி போனா இன்னா ஆவுது. பாறை மேல மொளைக்கற பாசிக்கு மூணு தான் கீது. காய்றது இல்ல. ஆனா கடைசி அத்தியாயத்துல ‘பாறைப் பாசி காய்ந்தபோது நாம் பார்த்ததைப் போல’ன்னு எழுதறாரு. எங்க பாத்தோம்? நாம பாக்கலயே.”

“எழுதலாம்னு நெனச்சிருப்பாரும்மா.”

“எழுதாத ஒண்ண ‘பார்த்ததைப் போல’ன்னு இவரு சொல்ல மாட்டாரு சார்” என்றார். கூடவே வளர்ந்தவரைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

கேட்டு எழுதினோம். மனைவி பதில் அனுப்பினார்: எல்லாக் கோப்புகளையும் அனுப்பிவிட்டேன், வேறு எதுவும் இல்லை. நான் அத்தோடு விட்டிருப்பேன். இவர் மறுபடியும் காகிதங்களுக்குப் போனார். ஒரு நாள் முழுக்க அந்தப் பாறைப் பாசிப் பகுதியை மட்டும் படித்தார். மாலை வேன் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்பு வந்தார்.

“சார், கம்ப்யூட்டர்ல தேடாதீங்கன்னு சொல்லுங்க. இந்த எடம் வரும்போது வாக்கியமெல்லாம் சின்னச் சின்னதா ஆயிடுது. அதுக்கு முன்னாடி அஞ்சாறு வரிக்கு ஒரு வாக்கியம் எழுதினவரு. ஒடம்பு முடியாதப்ப எழுதினது. அடுத்தத படுத்துக்கினு தான் எழுதியிருப்பாரு. கையால.”

அதை எப்படி ஆங்கிலத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கணவரை இழந்த ஒரு பெண்ணிடம், உலகத்தின் மறுமூலையிலிருந்து, உங்கள் கணவரின் வாக்கியம் சுருங்கியதை நாங்கள் கவனித்தோம் என்று எப்படிச் சொல்வது? இவர் சொன்னபடியே எழுதினேன். கீழே அவர் பெயரையும் போட்டேன்.

ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒன்பது நாளும் அவர் வேறு புத்தகத்தைத் தொடவில்லை. தப்பு செய்துவிட்டோமோ என்று நான் பயந்தேன். “தேடறாங்க சார்” என்று மட்டும் சொன்னார்.

பத்தாம் நாள் மனைவியின் பதில் வந்தது. நான் படித்து, இவருக்குத் தமிழில் சொன்னேன்: என் கணவர் கடைசியாக மருத்துவமனைக்கு எடுத்துப்போன துணிப்பை ஒன்று அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. அவர் இறந்த பிறகு அதைத் திறக்க மனம் வரவில்லை. உங்கள் கடிதத்துக்குப் பிறகும் ஒரு வாரம் திறக்கவில்லை. நேற்று திறந்தேன். சட்டைக்கு அடியில், மடித்த தாள்கள். பென்சிலால் எழுதியது. பாறைப் பாசி காய்ந்து, ஆண்டுக்கணக்கில் செத்தது போலக் கிடந்து, ஒரு சொட்டு நீரில் மறுபடி பச்சை ஆவது பற்றி ஒன்பது பக்கம். படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

கடைசியில் இன்னும் இரண்டு வரி: பத்தாவதாக ஒரு தாளும் இருக்கிறது. அது எனக்கு எழுதியது.

கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தார். அதே மின்னஞ்சலின் மேல், பதிப்பாசிரியர் தன் குறிப்பைச் சேர்த்திருந்தார்: பத்தாவது தாளையும் தர மனைவி சம்மதித்தால், புத்தகத்தின் முன்பக்கத்தில் வைத்தால் மிக நன்றாக இருக்கும், உங்கள் சகாவின் கருத்து என்ன?

இவரிடம் அவர்கள் கருத்து கேட்டது அதுதான் முதல்முறை. அதையும் சொன்னேன்.

“வேணாம் சார்” என்றார் உடனே. “அது புஸ்தகத்துக்குள்ள வராது.”

ஒன்பது பக்கங்களையும் அச்செடுத்து வாங்கிக்கொண்டார். பென்சில் எழுத்து பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்துகொண்டே போனது. கணினியை நோக்கித் திரும்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, கைகளை எடுத்துவிட்டு, அந்த ஒன்பது பக்கத்தையும் முதலிலிருந்து ஒருமுறை, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு, மெல்ல உதடசைத்துப் படித்தார். வேன் வந்து ஹாரன் அடித்தது. அன்று எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தோம். ஒருவரும் கூப்பிடவில்லை.